வகுப்பில் எல்லோரும் ஒரு பக்கம், நான் மட்டும் வேறு பக்கம்

கேள்வி: நான் ஆராய்ச்சிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. எங்கள் வகுப்பில் மொத்தம் 11 பேர். படிப்பு விஷயத்தில் ஒருவருக்கொருவர் நிறைய உதவிக்கொள்கிறோம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அரசியல் என்று வந்தால் மற்ற பத்துப் பேரும் ஒரே பக்கம், நான் மட்டும் எதிர்ப் பக்கம். இது அவர்களுக்குத் தெரியாது. தேர்தல் முடிவு வந்த மறுநாள், "அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் ஒண்ணு முட்டாளா இருக்கணும், இல்ல கெட்டவனா இருக்கணும்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஓட்டுப் போட்டது அந்தக் கட்சிக்குத்தான், என் அப்பா அம்மாவும் அதற்குத்தான் போட்டார்கள். அன்று இரவு தூக்கமே வரவில்லை. எனக்கு இவ்வளவு கோழைத்தனமா என்று இருக்கிறது. என் நெறியாளரும் அவர்கள் பக்கம்தான் என்று நினைக்கிறேன். வெளியே சொன்னால் வகுப்பில் எனக்கு இருக்கும் ஒரே நெருங்கிய நட்பும் போகும், பரிந்துரைக் கடிதமும் போகும் என்று பயம். சொல்லாமல் இருந்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் மூன்று வருடம் இப்படியே ஓட்ட முடியுமா? நடந்ததை அப்பா அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இரண்டே சொல்: "நானும் சிரித்தேன்." எத்தனை பேர் எந்தப் பக்கம், நெறியாளர் என்ன நினைப்பார், பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்பதற்கெல்லாம் ஏதோ ஒரு வழி இருக்கிறது, அதற்கும் வருகிறேன். அதற்கு முன், அன்று இரவு உங்களைத் தூங்கவிடாதது அவர்கள் சொன்னதா, நீங்கள் சிரித்ததா என்று யோசித்துப் பாருங்கள். எனக்கென்னவோ இரண்டாவது என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் அப்படிப் பேசக்கூடியவர்கள் என்பது உங்களுக்கு முன்பே தெரியும், இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள். உங்கள் அப்பா அம்மாவைப் பற்றிய ஒரு ஏச்சுக்கு உங்கள் முகமே ஆமாம் போட்டது, அதுதான் அன்று புதிதாக நடந்தது.

நீங்கள் எந்தக் கட்சி என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆய்வு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பதால் இதே கதையை எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறேன். ஒரு துறையில் வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருப்பவரின் கருத்து, அதே வளாகத்தில் இன்னொரு துறையில் எல்லோரும் கூச்சமில்லாமல் உரக்கப் பேசுகிற கருத்தாக இருக்கும். இரண்டு பேரும் வேறு வேறு நாட்களில் என் எதிரில் வந்து உட்கார்ந்து கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் படித்த காலத்தில் நான் பெரும்பான்மைப் பக்கம் இருந்தேன், அதுவும் ஒப்புக்குச் சிரித்தவர்களில் ஒருவராக இல்லை, அந்த மாதிரிப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவராக. என் பக்கத்து இருக்கையில் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்த ஒருவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுத்தவர், படிப்பு முடிந்து பல வருடம் கழித்து ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த ரெண்டு வருஷமும் உங்ககிட்ட பேசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள்ள ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் ரொம்ப நெருக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் எந்தப் பக்கம் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அறையில் இருக்கிற எல்லோரும் என்னைப் போலத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அந்த உரையாடலுக்குப் பிறகுதான் இப்படிப்பட்ட கடிதங்களை நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லக் காரணம், உங்கள் வகுப்பில் அந்த வாக்கியத்தைச் சொன்னவரும் யாரையும் குத்த நினைத்திருக்க மாட்டார் என்பதுதான். குத்துப்படும் ஆள் யாரும் இங்கே இல்லை என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். சொன்னது அதனால் சரியாகிவிடாது. ஆனால் அவரை எதிரியாக நினைத்துக்கொண்டு மூன்று வருடத்தைக் கழிக்க வேண்டிய தேவையும் இல்லை.

சரி, கோழைத்தனத்துக்கு வருவோம். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். முதல் கோடு இந்த மூன்றில் எதற்குச் சமம் என்று உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள், சில சுற்றுகளில் அத்தனை பேரும் ஒரே தப்பான பதிலை வரிசையாகச் சொல்வார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவர் அந்தச் சுற்றுகளில் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகிப் போனது. கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி. அங்கே யாரும் மிரட்டவில்லை, மதிப்பெண் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. நீங்களோ நாளைக் காலையிலும் பார்த்தாக வேண்டிய பத்து முகங்களுக்கு நடுவில், அரை நொடியில் சிரித்தீர்கள். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு முந்திக்கொண்டது, மனசு அப்புறம் வந்து சேர்ந்தது. மனசு வந்து சேர்ந்ததால்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அந்தச் சோதனையில் உங்களுக்கு வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லும்படி ஆஷ் ஏற்பாட்டை மாற்றினார். அந்தத் துணை கிடைத்ததும் தப்பான பதில்கள் முன்பு இருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. இன்னொரு முறை அந்தத் துணை ஆளைப் பாதியில் அறையை விட்டு வெளியே போக வைத்தார். தனியாக விடப்பட்டவர் மறுபடியும் கொஞ்சம் தடுமாறினார்தான், ஆனால் வேறொரு முறை துணை ஆளே பாதியில் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டபோது தடுமாறிய அளவுக்கு இல்லை. துணை போன பிறகும் அது கொடுத்த பலம் கொஞ்சம் தங்கியிருந்தது. பத்துப் பேரின் மனதை மாற்றுவது உங்கள் வேலையே இல்லை, யாரும் உங்களிடம் கேட்கவும் இல்லை. உங்கள் கருத்தை ஏற்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் யார் என்று தெரிந்த ஒரு ஆள் அந்த அறையில் இருந்தால் மற்ற ஒன்பது பேர் நடுவில் உட்காருவது வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், "பத்துப் பேரும்" என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்களே, எப்படித் தெரியும்? சிரித்தார்கள், அதனால் தெரியும். அப்படியானால் அன்று அந்த அறையில் யாராவது தலைகளை எண்ணியிருந்தால் உங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று 1993இல் வந்தது. வளாகத்தில் நடக்கும் குடியைப் பற்றியது. மாணவர்களுக்குத் தனிப்பட்ட முறையில் அதில் தயக்கம் இருந்தது, ஆனால் மற்றவர்களுக்குத் தன்னைவிடத் தயக்கம் குறைவு என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியே தெரிவதை வைத்துத்தானே எல்லோரும் எல்லோரையும் எடை போடுகிறோம். உங்கள் வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் மனதுக்குள் நெளிந்துகொண்டே சிரித்திருக்கலாம். அவர்கள் உங்கள் கட்சியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, "இப்படிப் பேசுறது சரியில்ல" என்று நினைப்பவராக இருந்தாலே போதும். நிச்சயம் இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, நீங்கள் நிஜமாகவே தனி ஆளாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்க்காமலே பத்து என்று முடிவு கட்ட வேண்டாம் என்கிறேன்.

இப்போது நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது. மௌனம் ஒன்று, பொய் வேறொன்று. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, அந்தக் கலவைதான் உங்களை வதைக்கிறது. உங்கள் ஓட்டை யாரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ரகசிய வாக்கெடுப்பு என்று ஒன்றை வைத்திருப்பதே அதற்காகத்தான். சொல்லாமல் இருப்பதால் நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆனால் நினைக்காததை நினைப்பது போலக் காட்டுவது, தலையாட்டுவது, சிரிப்பது, குழுவில் வந்த கேலிப் படத்துக்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டுவது, இதெல்லாம் வேறு கணக்கு. திமூர் குரான் என்ற பொருளியலாளர் இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி 1995இல் ஒரு புத்தகமே எழுதினார். மனதில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக ஆட்கள் நடந்துகொள்ளும்போது ஒரு சமூகத்துக்குத் தன் மனதே தெரியாமல் போய்விடுகிறது என்பது அவர் வாதம். ஒரு சமூகத்துக்கு ஆவது 11 பேர் கொண்ட வகுப்புக்கும் ஆகும், ஒரு தனி ஆளுக்கும் ஆகும். என் எதிரில் வந்து உட்கார்ந்தவர்களில், வருடக்கணக்கில் மௌனமாக இருந்தவர்கள் பெரும்பாலும் முழுசாகவே இருந்தார்கள். நடித்தவர்கள்தான் உள்ளுக்குள் நொந்து போயிருந்தார்கள், சிலருக்குத் தான் உண்மையில் என்ன நினைக்கிறோம் என்பதே மங்கிப் போயிருந்தது.

எனவே இன்று முதல் ஒன்றே ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், நடிப்பை. மற்ற எதையும் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். நடிப்பை நிறுத்துவது என்றால் எழுந்து நின்று பிரகடனம் செய்வது இல்லை. அடுத்த முறை அப்படி ஒரு பேச்சு வந்தால் முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள், அதுவே முதல் படி. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், செய்து பாருங்கள், முதல் இரண்டு தடவை தாடை வலிக்கும். அது பழகிய பிறகு ஒரு வாக்கியம். "எனக்குத் தெரிஞ்ச சில பேர் அந்தக் கட்சிக்குப் போட்டாங்க, அவங்க முட்டாளும் இல்ல, கெட்டவங்களும் இல்ல." இது நூற்றுக்கு நூறு உண்மை, உங்கள் ஓட்டையும் காட்டிக்கொடுக்காது. அல்லது, "இதுல எனக்கு வேற அபிப்பிராயம், ஆனா இப்ப பேச வேண்டாம்." நாவு எழாது என்று நினைத்தால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பத்துத் தடவை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். நான் இதைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன், வெட்கப்படுவார்கள், ஆனால் வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க மூளைக்கு அவகாசம் கிடைக்காது, தயாராக இருப்பதுதான் வாயில் வரும்.

வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் முயற்சி செய்ய வேண்டாம். அங்கே முகம் தெரியாது, குரல் தெரியாது, எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாக எங்கே வேண்டுமானாலும் போகும். பதில் போடாமல் இருந்தாலே போதும்.

பேசும்போது நிதானம் முக்கியம். செர்ஜ் மாஸ்கோவிசி என்பவரும் அவருடைய குழுவும் 1969இல் ஆஷின் சோதனையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஆறு பேர், அதில் இரண்டு பேர் ஏற்பாடு செய்த ஆட்கள். நீல நிறப் படங்களைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டால் அந்த இருவரும் பச்சை என்பார்கள். எல்லாப் படத்துக்கும் மாறாமல் பச்சை என்று சொன்னபோது மற்ற நால்வரின் பதில்களிலும் 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பச்சை என்று வந்தது. சில படத்துக்குப் பச்சை, சில படத்துக்கு நீலம் என்று மாற்றி மாற்றிச் சொன்னபோது அது ஒரு சதவீதத்தை ஒட்டி விழுந்துவிட்டது. சின்ன அளவுதான், இதை வைத்துப் பெரிய கனவு காண வேண்டாம். ஆனால் இன்று வெடித்துவிட்டு நாளை மன்னிப்புக் கேட்டு, நாளை மறுநாள் மறுபடியும் அவர்களோடு சிரிக்கிற ஆளின் பேச்சை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். குறைவாகப் பேசுங்கள், ஒரே மாதிரிப் பேசுங்கள்.

இனி, அந்த ஒரு ஆள். உங்களுக்கு நெருங்கிய நட்பு ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பர்தான் என்று எனக்குப் படுகிறது. தேர்தல் சூடு அடங்கட்டும், எந்த வாக்குவாதமும் நடக்காத ஒரு சாதாரண நாளில், இரண்டு பேரும் நடந்து போகும்போது சொல்லுங்கள், எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட நடந்துகொண்டே சொல்வது சுலபம். கொள்கையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நட்பிலிருந்து ஆரம்பியுங்கள். "உன்கிட்ட ஒரு விஷயம் ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன், ஆனா நான் ஓட்டுப் போட்டது அந்தக் கட்சிக்குத்தான். இதை மறைச்சுக்கிட்டு உன்னோட பழகறது கஷ்டமா இருக்கு." இவ்வளவு போதும். ஏன் போட்டேன் என்ற வாதத்தை அன்றே அவிழ்க்க வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை. நண்பர் "நீயா?" என்று ஒரு கணம் நின்றுவிடலாம். அதை விலகல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இரண்டு வருடமாகச் சுமந்ததை அவர் இரண்டு நிமிடத்தில் கேட்கிறார், ஒரு வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் விலகினால்? விலகலாம், அப்படி நடப்பதை நான் பார்த்திருக்கிறேன், நடக்காது என்று உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. வலிக்கும். என்னிடம் வந்தவர்களில் சொல்லிவிட்டு இழந்தவர்களைவிட, சொல்லாமலே விலகி விலகிப் போய்க் கடைசியில் அந்த நட்பை இழந்தவர்கள்தான் அதிகம்.

நெறியாளர் விஷயத்தில் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என் கண்ணில் பட்டது: "என்று நினைக்கிறேன்." எதை வைத்து நினைக்கிறீர்கள்? போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாரா, அல்லது மாற்றுக் கருத்து சொன்ன மாணவரின் வேலையை மட்டம் தட்டினாரா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்னால் அவரிடம் படித்து முடித்தவர்களிடம் அவர் எப்படித் திருத்துவார், எவ்வளவு நாளில் படித்துக் கொடுப்பார், கருத்து வேறுபட்டால் எப்படி எடுத்துக்கொள்வார் என்று பொதுவாகக் கேட்டுப் பாருங்கள், உங்கள் அரசியலைச் சொல்லாமலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக்கில் மாணவர்களிடம் பேசும்போது, ஆசிரியர் தன் அரசியலை வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாதாடினார், காரணம் அங்கே மாணவர்கள் எதிர்த்துப் பேச முடியாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் எல்லா ஆசிரியர்களும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தன் அரசியலை மறைக்காத ஆசிரியர்களில்கூட, மாணவரின் அத்தியாயத்தை அத்தியாயமாக மட்டும் படிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் நீங்கள் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நெறியாளரும் மாணவரும் நண்பர்கள் இல்லை, அது வேலை உறவு. பரிந்துரைக் கடிதத்தில் எழுதப்படுவது உங்கள் வேலை எப்படி, சொன்ன தேதியில் தருவீர்களா, திருத்தத்தை ஏற்பீர்களா என்பதுதான், அதில் கை வைக்க இடம் கொடுக்காதீர்கள். சந்திப்பு முடிந்ததும் என்ன பேசினோம், அடுத்து என்ன என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பும் பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள், அரசியல் பிரச்சினை இல்லாதவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஆய்வுக் குழுவில் இருக்கும் இன்னொரு பேராசிரியருக்கும் உங்கள் வேலை நன்றாகத் தெரிந்திருக்கட்டும், நாளைக்கு ஒரே ஒரு கடிதத்தை நம்பி நிற்க வேண்டியிருக்காது. நிஜமாகவே கருத்துக்காகத் தண்டிக்கப்படுகிறீர்கள் என்று தெரிந்தால் தேதியோடு எழுதி வைத்து, துறைத் தலைவரிடமோ மாணவர் குறைகளைக் கேட்கும் அலுவலரிடமோ போங்கள். "அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று போனால் ஒன்றும் நடக்காது. இந்தத் தேதியில் இந்த அத்தியாயத்தை இந்தக் காரணம் சொல்லி மறுத்தார் என்று போனால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இனிச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சிறுபான்மையாக இருப்பதில் ஒரு போதை உண்டு. பகல் முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, இரவில் இணையத்தில் நம் பக்கத்து ஆட்கள் நடுவில் போய் உட்காரும்போது அவ்வளவு நிம்மதியாக இருக்கும். அங்கே என்ன நடக்கும் தெரியுமா, "அவங்க எல்லாம் ஆட்டுமந்தை, யோசிக்கத் தெரியாதவங்க" என்று ஒருவர் எழுதுவார், நீங்கள் அங்கேயும் சிரிப்பீர்கள். வகுப்பில் உங்களைச் சுட்ட அதே வாக்கியம்தான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது. தனியாக நிற்பதாலேயே நாம் சொல்வது சரியாகிவிடாது. அந்தப் பத்துப் பேரும் ஒரு விஷயத்தில் சரியாகவும் நீங்கள் தப்பாகவும் இருக்கலாம், பயத்தினால் பேசாமலே இருந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்கவும் உங்களுக்கு வழி இல்லாமல் போகும். அனடோல் ராபபோர்ட் என்ற அறிஞர் ஒரு முறையைச் சொன்னார். எதிராளியின் நிலையை அவரே "ஆமா, நான் சொல்றது இதைத்தான்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு முதலில் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுப்பு. இதை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் நீங்கள் மதிக்கும் ஒருவர் ஏன் அந்தப் பக்கம் இருக்கிறார், அவருடைய சிறந்த காரணம் என்ன? எழுத முடியவில்லை என்றால் அவரிடமே கேட்கலாம், கேட்பதற்கு உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை.

அதே போல, வகுப்பில் ஒருவருக்கு அது வெறும் கருத்தாக இல்லாமல் இருக்கலாம். நீங்கள் ஆதரிக்கும் ஒரு கொள்கையால் அவருடைய குடும்பத்தின் இருப்போ, விசாவோ, திருமணமோ நேரடியாக ஆட்டம் காணலாம். அவரிடம் "நாகரிகமாக விவாதிப்போம்" என்று போய் நின்றால் அவருக்குக் கோபம் வருவது இயல்பு. நீங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை, யாரிடம் எப்போது பேசுகிறோம் என்று பார்த்துப் பேச வேண்டும் என்கிறேன். உங்கள் அப்பா அம்மாவைப் பற்றி யாரோ சொன்னது உங்களுக்கு எப்படிச் சுட்டதோ, அப்படி அவருக்கும் சுடும்.

உங்கள் ஆய்வுத் தலைப்பே அரசியலைத் தொடுகிறதா என்று எழுதவில்லை. தொட்டால், உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வேன், உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் உங்கள் வாதத்தின் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கத் தயாராக இருக்கும் வாசகர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ரூத் பேடர் கின்ஸ்பர்க், ஆன்டனின் ஸ்கலியா என்று இரண்டு நீதிபதிகள் இருந்தார்கள், கொள்கையில் எதிரெதிர்த் துருவங்கள், வாழ்க்கையில் நெருங்கிய நண்பர்கள். 1996இல் ஒரு ராணுவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்ற வழக்கில் கின்ஸ்பர்க் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார், தனி ஒருவராக மறுத்தவர் ஸ்கலியா. அவர் தன் மறுப்புரையின் வரைவை முன்கூட்டியே கின்ஸ்பர்க்கிடம் கொடுத்தார், பதில் எழுத அவருக்கு நேரம் கிடைக்கட்டும் என்று. அது தன் வார இறுதியைக் கெடுத்தாலும் தன் தீர்ப்பை மேம்படுத்தியது என்று கின்ஸ்பர்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உங்கள் வகுப்பில் ஒருவரிடமாவது ஒரு வரைவைக் கொடுத்து "இதுல எங்க ஓட்டைன்னு சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டைகளை அடைத்த அந்த வரைவு நெறியாளரின் மேசைக்குப் போகும்போது உங்கள் பயமும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மூன்று வருடம் ஓட்ட முடியுமா என்று கேட்டீர்கள். நடித்துக்கொண்டே முடியாது, முடிந்தாலும் வேண்டாம். நடிக்காமல், ஒரு ஆளுக்குத் தெரிந்து, வகுப்புக்கு வெளியேயும் நாலு பேரோடு, ஒரு விளையாட்டோ இசையோ நடைப்பயிற்சியோ, அரசியலே வராத ஏதாவது ஒன்றில் வேர் விட்டு வாழ்ந்தால் முடியும். தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, வகுப்புக்குப் போகவே கால் வராவிட்டாலோ உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆலோசகரிடம் போங்கள். நாங்கள் உங்கள் ஓட்டைக் கேட்க மாட்டோம்.

கடைசியாக, அப்பா அம்மாவிடம் சொல்வது பற்றி. அன்று நான் உங்களைப் பார்த்துச் சிரித்தேன் என்று அவர்களிடம் போய் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அது உங்கள் பாரத்தை அவர்கள் தோளில் இறக்கி வைப்பதாகிவிடும். அதற்குப் பதிலாக இந்த வாரம் பேசும்போது ஏன் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். நீங்கள் இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஒரே பக்கம் இருப்பவர்கள் ஒருவரையொருவர் காரணம் கேட்பதில்லை. குறுக்கே பேசாமல் கேளுங்கள். அடுத்த முறை அந்த அறையில் "எனக்குத் தெரிஞ்ச சில பேர்" என்று ஆரம்பிக்கும்போது, அவர்கள் எதற்காகப் போட்டார்கள் என்பதும் உங்கள் கையில் இருக்கும்.

நண்பரிடம் பேசிய பிறகு எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள். சரியாகப் போகாவிட்டாலும் எழுதுங்கள்.